ஏழு மாணவர்களும் ஒரு ஸ்பிங்க்ஸும்: ஆல்பா ஃபை ஆல்பா தொடங்கிய கதை

கேட்கப்பட்ட கேள்வி இது: "அமெரிக்காவில் படிக்கும் என் தங்கை மகன் ஒரு வீடியோ அனுப்பினான். கறுப்பும் பொன்னிறமும் கலந்த சட்டை போட்ட கறுப்பின மாணவர்கள் வரிசையாக நின்று, தரையை மிதித்து, கை தட்டி ஆடுகிறார்கள். நடுநடுவே 'ஓ சிக்ஸ்' என்று கத்துகிறார்கள். சட்டையில் கிரேக்க எழுத்து, பக்கத்திலேயே எகிப்து ஸ்பிங்க்ஸ். கிரேக்கமும் எகிப்தும் எப்படி ஒன்று சேர்ந்தன? இது ரகசியச் சங்கமா? யார் தொடங்கியது?"

அவர்கள் ஆல்பா ஃபை ஆல்பாக்காரர்கள். ஃபிரட்டர்னிட்டி என்று அங்கே சொல்வதைத் தமிழில் சகோதரச் சங்கம் எனலாம். கறுப்பின மாணவர்கள் பல கல்லூரிகளில் கிளை பரப்பி இன்றுவரை நடத்தி வரும் கிரேக்க எழுத்துச் சங்கங்களில் இதுதான் மூத்தது. 1906 டிசம்பர் 4 அன்று, நியூயார்க் மாநிலத்தில் இத்தாக்கா என்ற ஊரிலுள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அவர்கள் கத்தும் 'ஓ சிக்ஸ்' அந்த வருடம்தான்.

சின்னத்தைப் பற்றித்தான் முக்கியமாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இந்தக் கதையில் சின்னத்துக்கு முன்னால் வருவது வாடகை அறையும் இரவுச் சாப்பாடும். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் கிரேக்க எழுத்து எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1776 டிசம்பர் 5 அன்று, வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் சிலர் ஃபை பீட்டா கப்பா என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். 'ஞானத்தின் மீதுள்ள அன்பே வாழ்க்கையின் வழிகாட்டி' என்ற பொருளுள்ள கிரேக்க வாசகத்தின் மூன்று முதலெழுத்துகள் அவை. படித்த வீட்டுப் பிள்ளைகள் கிரேக்கமும் லத்தீனும் கற்ற காலம். விஷயம் தெரிந்தவனுக்கு மட்டும் புரியும் பெயர் என்பதில் அவர்களுக்கு ஒரு பெருமை. 1825 முதல் நியூயார்க்கின் யூனியன் கல்லூரியில் இதே பாணியில் மூன்று சங்கங்கள் தோன்றின. அங்கிருந்து வழக்கம் நாடெங்கும் பரவியது. எல்லாம் வெள்ளைக்கார மாணவர்களுக்கு மட்டும்.

கார்னெலில் இந்தச் சங்கங்கள் பொழுதுபோக்கு மன்றங்களாக மட்டும் இருக்கவில்லை. 1900-களின் தொடக்கத்தில் அங்கே ஆண் மாணவர்களுக்குப் பல்கலைக்கழக விடுதியே கிடையாது. சங்க வீடுதான் விடுதி, அதுதான் மெஸ்ஸும். எந்தப் பேராசிரியர் எப்படிக் கேள்வி கேட்பார், எந்தப் புத்தகத்தை யாரிடம் இரவல் வாங்கலாம் என்ற தகவல்களும் அங்கேதான் புழங்கின. அந்தக் கதவு கறுப்பின மாணவனுக்குத் திறக்காது. உள்ளே போக ஒரே வழி, பரிமாறும் வேலைக்குப் போவது. அப்படி வேலை பார்த்துப் படித்தவர்களில் இந்தக் கதையின் நாயகர்கள் சிலரும் உண்டு. ஒருவன் தட்டு எடுத்துக்கொண்டு நிற்கிறான். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் நாளைய பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். அதே பரீட்சையை அவனும்தான் எழுத வேண்டும். சங்கம் என்பது என்ன செய்யும் என்று அவன் கற்றுக்கொண்டது அந்த மேசை ஓரத்தில்தான்.

கார்னெல் பல்கலைக்கழகம் மலை மேல் இருக்கிறது. கறுப்பினக் குடும்பங்கள் கீழே ஊருக்குள் வாழ்ந்தன. அந்த வீடுகளில்தான் இந்த மாணவர்களுக்கு இடம் கிடைத்தது. 1904-05 கல்வியாண்டு முடிந்து விடுமுறைக்குப் போன கறுப்பின மாணவர்களில் ஆறு பேர் அடுத்த ஆண்டு திரும்பி வரவில்லை. இருந்ததே விரல் விட்டு எண்ணக்கூடிய எண்ணிக்கை. அதில் ஆறு பேர் என்றால் மீதி இருப்பவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! 'அடுத்தது நானா?' என்ற கேள்வி ஒவ்வொருவருக்கும் வந்திருக்கும். அந்த 1905-06 ஆண்டில்தான் மிச்சமிருந்தவர்கள் சேர்ந்து ஒரு படிப்பு வட்டம் வைத்தார்கள். ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொடுப்பது, புத்தகம் பேசுவது, யாரும் பாதியில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது. நார்த் அல்பனி தெருவில் 421-ஆம் எண்ணுள்ள எட்வர்ட் நியூட்டனின் வீடு அவர்கள் கூடிய இடங்களில் ஒன்று. சங்கத்தின் ஆவணங்களில் அந்த வீட்டு எண்ணை இன்றும் மரியாதையோடு குறிப்பிடுகிறார்கள்.

அப்புறம் ஒரு வாக்குவாதம் வந்தது. வட்டத்துக்குத் தலைமை தாங்கிய பாயிண்டெக்ஸ்டர் என்ற மேற்பட்டப்படிப்பு மாணவருக்கு அது இலக்கியச் சங்கமாக இருந்தால் போதும். மற்றவர்களுக்கு, குறிப்பாக இளையவர்களுக்கு, அது ஃபிரட்டர்னிட்டியாகவே வேண்டும். அவர்களில் ராபர்ட் ஓகிள் என்பவர், ஒஹாயோவில் கறுப்பின மாணவர்கள் இப்படி ஒரு சங்கம் தொடங்கியதாகச் சிகாகோ டிஃபெண்டர் பத்திரிகையில் படித்திருந்தார். அங்கே முடியுமானால் இங்கே ஏன் முடியாது? 1906 அக்டோபரிலேயே 'ஆல்பா ஃபை ஆல்பா சொசைட்டி' என்று பெயர் வந்துவிட்டது. அக்டோபர் 30 அன்று ரெட் மென்ஸ் ஹால் என்ற கூடத்தில் முதன்முதலாகப் புதியவர்களைச் சடங்கோடு சேர்த்துக்கொண்டார்கள். டிசம்பர் 4 அன்று 'சொசைட்டி' போய் 'ஃபிரட்டர்னிட்டி' ஆனது.

இலக்கியச் சங்கமா, சகோதரச் சங்கமா என்பது வெறும் பெயர்ச் சண்டை என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இலக்கியச் சங்கம் படிப்போடு முடிந்துவிடும். பட்டம் வாங்கியதும் ஊர் போய்ச் சேர்ந்தால் சரி. சகோதரன் என்று ஒருவனை ஏற்றுக்கொண்டால் அந்தக் கடமைக்குக் காலவரையறை கிடையாது. அந்த இளைஞர்கள் கேட்டது அதைத்தான். கறுப்பினச் சங்கங்களில் இன்றும் பட்டம் வாங்கிய பிறகே பலர் தீவிரமாக வேலை செய்வதைப் பார்க்கலாம். படிப்பை முடித்தவர்களுக்கான முதல் கிளையை 1911-லேயே கென்டக்கியின் லூயிவில் நகரில் தொடங்கிவிட்டார்கள்.

அந்த வருடம் எப்படிப்பட்ட வருடம் என்பதையும் மறக்கக் கூடாது. 1906 செப்டம்பரில் அட்லாண்டா நகரில் வெள்ளைக்காரக் கும்பல்கள் தெருத்தெருவாகப் போய்க் கறுப்பின மக்களைக் கொன்றன. நவம்பரில், டெக்சஸின் பிரவுன்ஸ்வில் நகரில் நடந்த ஒரு துப்பாக்கிச் சூட்டைக் காட்டி, 167 கறுப்பினச் சிப்பாய்களை விசாரணையே இல்லாமல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ராணுவத்திலிருந்து நீக்கினார். அவர்கள் குற்றமற்றவர்கள் என்று அரசு ஒப்புக்கொள்ள 1972 ஆனது. இந்தச் செய்திகளைப் படித்துக்கொண்டேதான் இத்தாக்காவின் குளிரில் அந்த மாணவர்கள் சங்க விதி எழுதினார்கள்.

நிறுவனர்கள் ஏழு பேர். சங்கத்தில் அவர்களை 'ஜுவல்ஸ்', அதாவது ரத்தினங்கள் என்பார்கள். ஹென்றி ஆர்தர் காலிஸ், சார்லஸ் ஹென்றி சாப்மன், யூஜின் கிங்கிள் ஜோன்ஸ், ஜார்ஜ் பிடில் கெல்லி, நத்தானியல் ஆலிசன் மர்ரே, ராபர்ட் ஹெரால்ட் ஓகிள், வெர்ட்னர் உட்சன் டாண்டி. இவர்களில் ஜோன்ஸ் அக்டோபரில் சடங்கோடு சேர்ந்த முதல் மூவரில் ஒருவர். அவரையும் நிறுவனராக முறைப்படி அறிவித்தது 1952-ல்தான். கார்னெல் வளாகத்தில் பார்ன்ஸ் ஹால் முன்னால் இவர்கள் நினைவாக ஒரு கல் இருக்கை கட்டியிருக்கிறார்கள். ஜுவல் என்பதற்காக ஆங்கில 'ஜே' எழுத்து வடிவில் வளைந்திருக்கும். இத்தாக்கா பக்கம் போனால் பத்து நிமிடம் அதில் உட்கார்ந்து பாருங்கள்.

எல்லார் வாழ்க்கையையும் எழுத இடம் போதாது. டாண்டியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அவருடைய அப்பா அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பிறகு கென்டக்கியில் கொத்து வேலை செய்து, கட்டட ஒப்பந்தக்காரராக உயர்ந்தார். லெக்சிங்டன் நகரின் பழைய நீதிமன்றக் கட்டடத்தின் சுவர்களை எழுப்பியது அவருடைய நிறுவனம். மகன் கார்னெலில் கட்டடக்கலை படித்து, நியூயார்க் மாநிலத்தில் பதிவு பெற்ற முதல் கறுப்பினக் கட்டடக் கலைஞர் ஆனார். ஹார்லெமின் செயின்ட் ஃபிலிப்ஸ் தேவாலயத்தை வடிவமைத்தவர்களில் ஒருவர். கூந்தல் தைலம் விற்றுப் பெரும் செல்வம் சேர்த்த மேடம் சி. ஜே. வாக்கர், ஹட்சன் ஆற்றங்கரையில் கட்டிய வில்லா லெவாரோ மாளிகையும் டாண்டியின் கைவண்ணம்தான். சங்கத்தின் முதல் சட்டை ஊசியை வரைந்ததும் அவர். அப்பா செங்கல் அடுக்கினார், மகன் வரைபடம் போட்டார். ஒரே தலைமுறை இடைவெளி. ஜோன்ஸின் அப்பாவும் அடிமையாகப் பிறந்து பேராசிரியர் ஆனவர். கெல்லி சிவில் எஞ்சினியர், காலிஸ் டாக்டர், சாப்மன் ஃபுளோரிடாவில் விவசாயப் பேராசிரியர், மர்ரே வாஷிங்டனில் பள்ளி ஆசிரியர். பத்திரிகை படித்துக் கனவு கண்ட ஓகிள் அமெரிக்க செனட்டின் நிதி ஒதுக்கீட்டுக் குழு அலுவலகத்தில் வேலை பார்த்தார். நகரங்களில் வாழும் கறுப்பின மக்களுக்காகப் பாடுபடும் நேஷனல் அர்பன் லீக் என்ற அமைப்பை ஜோன்ஸ் பல ஆண்டுகள் நடத்தினார்.

சரி, ஸ்பிங்க்ஸுக்கு வருவோம்.

கிரேக்க எழுத்தை அவர்கள் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் எளிது. அமெரிக்கக் கல்லூரியில் சங்கம் என்றால் கிரேக்க எழுத்துதான் முத்திரை. மற்றவர்களுக்குள்ள அதே தகுதி எங்களுக்கும் உண்டு என்று சொல்ல அந்த முத்திரை வேண்டியிருந்தது. ஆனால் முத்திரைக்குள் எதை வைப்பது? மற்ற சங்கங்கள் ஐரோப்பியக் கேடயம், வாள், வீரர் தலைக்கவசம் என்று போயின. ஆல்பாக்கள் கீசா சமவெளிக்குப் போனார்கள். சிங்க உடலும் மனித முகமும் கொண்ட அந்தப் பெரிய ஸ்பிங்க்ஸ், பின்னால் பிரமிடுகள். இரண்டும் ஆப்பிரிக்க மண்ணில் நிற்பவை. ஏதென்ஸில் பார்த்தினான் கட்டுவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நின்றவை.

அந்தக் காலத்துப் படிப்பை நினைத்துப் பாருங்கள். ஆப்பிரிக்காவுக்கு வரலாறே கிடையாது என்று தத்துவ அறிஞர் ஹெகல் வகுப்பில் சொன்னதை ஐரோப்பாவும் அமெரிக்காவும் பாடமாகவே படித்தன. அடிமைக் கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தாவின் ஊர்ப் பெயர்கூடத் தெரியாது. பெயரின் பின்பாதி எஜமானுடையது. அப்படிப்பட்டவர்கள் தங்கள் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு படம் தேடும்போது, கண்டத்தின் மிகப் பழைய சின்னங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். எகிப்து ஆப்பிரிக்காவில்தான் இருக்கிறது என்பதைக் கிரேக்க எழுத்துக்குப் பக்கத்திலேயே வைத்து நினைவுபடுத்தினார்கள். நீங்கள் முரண் என்று நினைத்த அந்தச் சேர்க்கை தெரிந்தே செய்தது.

ஸ்பிங்க்ஸ் அதற்கப்புறம் எல்லா இடத்திலும் நுழைந்துவிட்டது. 1914-ல் தொடங்கிய சங்கப் பத்திரிகையின் பெயர் 'தி ஸ்பிங்க்ஸ்'. சேருவதற்காகக் காத்திருந்த மாணவர்களை 'ஸ்பிங்க்ஸ்மென்' என்றார்கள். நிறங்கள் கறுப்பும் பழைய பொன்னும். பளபளக்கும் மஞ்சள் தங்கம் இல்லை, பாட்டி காலத்து நகையில் பார்க்கும் மங்கிய தங்கம். மலர், மஞ்சள் ரோஜா. மூன்று குறிக்கோள்கள்: ஆண்மைக்குரிய செயல், கல்வி, மனித குலம் முழுவதன் மீதும் அன்பு. வாசகம்: 'எல்லோருக்கும் முதல்வராய், எல்லோருக்கும் தொண்டராய், எல்லாவற்றையும் கடப்போம்.' இதில் 'தொண்டராய்' என்ற நடுத்துண்டுதான் எனக்கு மிகவும் பிடித்தது. தட்டு ஏந்திப் பரிமாறியவர்கள் அந்தச் சொல்லைத் தாங்களே எடுத்துத் தங்கள் பெருமைகளில் ஒன்றாக வைத்துக்கொண்டார்கள்.

ரகசியச் சங்கமா என்று கேட்டீர்கள். சேரும் சடங்கும், கைகுலுக்கும் முறையும் வெளியாருக்குச் சொல்லப்படுவதில்லை. அந்த அளவில் ரகசியம்தான். மற்றபடி 1908 ஜனவரியில் நியூயார்க் மாநிலத்தில் பதிவு செய்த அமைப்பு. 1912-ல் தேசிய அளவில் பதிவானது. 1907 இறுதியில் வாஷிங்டனில் கறுப்பின மாணவர்கள் பெருமளவில் படிக்கும் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் (ஹார்வர்ட் இல்லை) இரண்டாவது கிளை, 1908-ல் கனடாவின் டொரண்டோவில் ஒரு கிளை, அதே ஆண்டு ஹாவர்டில் முதல் மாநாடு. இன்று தலைமையகம் பால்டிமோரில். கறுப்பினத்தவருக்கு மட்டும் என்ற விதியை 1940-களில் அவர்களே நீக்கிவிட்டார்கள்.

சங்கம் செய்த வேலைகளில் இரண்டு வழக்குகளைச் சொல்லாமல் இருக்க முடியாது. டொனால்ட் கெய்ன்ஸ் மர்ரே என்ற பட்டதாரிக்கு மேரிலாந்து பல்கலைக்கழகம் நிறத்தைக் காரணம் காட்டிச் சட்டக் கல்லூரியில் இடம் மறுத்தது. வழக்கைத் தொடங்கி வைத்தது ஆல்பா ஃபை ஆல்பா. வாதாடியவர்களில் ஒருவர் இளம் வக்கீல் தர்குட் மார்ஷல், அவரும் ஆல்பா. 1935-ல் கீழ் நீதிமன்றத்திலும் 1936 ஜனவரியில் மேல்முறையீட்டிலும் மர்ரே பக்கமே தீர்ப்பு. அதே மார்ஷல் 1967-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனார்.

இன்னொன்று ரயில் சாப்பாட்டுப் பெட்டி வழக்கு. 1942 மே மாதம் எல்மர் ஹெண்டர்சன் என்ற மத்திய அரசு ஊழியர் வாஷிங்டனிலிருந்து அட்லாண்டா வழியாகத் தெற்கே போய்க்கொண்டிருந்தார். சாப்பாட்டுப் பெட்டியில் சமையலறையை ஒட்டிய இரண்டு மேசைகள்தான் கறுப்பினப் பயணிகளுக்கு. சுற்றிலும் இழுத்து மூடத் திரை. இவர் போனபோது அந்த மேசைகளிலும் வெள்ளைக்காரப் பயணிகளை உட்கார வைத்திருந்தார்கள். ஓர் இருக்கை காலியாகத்தான் இருந்தது. காத்திருங்கள், கூப்பிடுகிறோம் என்றார்கள். கடைசிவரை கூப்பிடவில்லை. வண்டியிலிருந்து பெட்டியையே கழற்றிவிட்டார்கள். ஹெண்டர்சன் ஆல்பா. அவருக்காக உச்ச நீதிமன்றம் வரை போன வக்கீல் பெல்ஃபோர்ட் லாசன், அப்போது ஆல்பாவின் தேசியத் தலைவர். செலவுக்குக் கைகொடுத்தது சங்கம். எட்டு வருடம் கழித்து, 1950 ஜூன் 5 அன்று, அந்தத் திரையும் தடுப்பும் சட்ட விரோதம் என்று தீர்ப்பு வந்தது. பரிமாறுபவனாக மேசை ஓரம் நின்ற மாணவர்கள் தொடங்கிய சங்கம், மேசையில் உட்காரும் உரிமைக்கு எட்டு வருடம் வழக்கு நடத்தியிருக்கிறது. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

மார்ட்டின் லூதர் கிங் 1952-ல் பாஸ்டனில் மேற்படிப்பு படிக்கும்போது சேர்ந்தவர். மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்த 1956 ஆகஸ்டில், பஃபலோ நகரில் நடந்த சங்கத்தின் பொன்விழாவுக்கு வந்து பேசினார். வாஷிங்டனில் அவருக்கு நினைவுச் சின்னம் வேண்டும் என்று 1984-ல் முதலில் முன்மொழிந்தது ஆல்பாக்கள்தான். நாடாளுமன்ற அனுமதிக்கே 1996 ஆனது. 2011 அக்டோபர் 16 அன்று அர்ப்பணித்தார்கள். 30 அடி உயரக் கல்லிலிருந்து கிங் வெளியே வருவதுபோல் செதுக்கியிருக்கிறார்கள். அந்த இடத்தின் கதவு எண் 1964, நிறப் பாகுபாட்டைத் தடை செய்த குடிமை உரிமைகள் சட்டம் வந்த ஆண்டு.

மறைக்கக் கூடாத ஒரு பக்கமும் உண்டு. புதிதாகச் சேர வருபவர்களைச் சோதிக்கிறோம் என்ற பெயரில் அடிப்பதும் வதைப்பதும் இந்தச் சங்கங்களிலும் நடந்தன. நம் ஊரில் ராகிங் என்பதன் இன்னொரு முகம். 1989-ல் ஆல்பாவில் சேர வந்த ஒரு மாணவர் அட்லாண்டாவில் இறந்தார். 1990-ல் ஆல்பாவும் மற்ற கறுப்பினச் சங்கங்களும் பழைய சேர்க்கை முறையையே ரத்து செய்தன. ஆனாலும் மறைவாக நடப்பது அடியோடு நின்றுவிடவில்லை. சகோதரன் என்ற சொல்லுக்கு நேர் எதிரான செயல் இது. சங்கத்தை நேசிப்பவர்களே இதை உரக்கச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆல்பாவின் வழியில் இன்னும் எட்டு சங்கங்கள் வந்தன. ஒன்பதையும் சேர்த்து 'டிவைன் நைன்' என்பார்கள். அவற்றில் நான்கு பெண்களுக்கானவை. அந்த நான்கில் மூத்தது 1908-ல் ஹாவர்டில் தொடங்கிய ஆல்பா கப்பா ஆல்பா. நிறம் இளஞ்சிவப்பும் ஆப்பிள் பச்சையும், அடையாளம் முத்துமாலை. மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், ஹாவர்டில் படித்தபோது அதில் சேர்ந்தவர். அவர் முத்துமாலையோடு நிற்கும் படங்கள் பலவற்றை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கடைசியாக, எழுத்துகளைப் பற்றிய ஒரு தகவல். கிளைகளுக்குக் கிரேக்க நெடுங்கணக்கு வரிசையில் பெயர் வைப்பார்கள். கார்னெல் ஆல்பா, ஹாவர்ட் பீட்டா, கிங் சேர்ந்த பாஸ்டன் கிளை சிக்மா. எழுத்து தீர்ந்ததும் இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்தார்கள். ஒமேகா என்ற கடைசி எழுத்தை மட்டும் எந்தக் கல்லூரிக்கும் தனியாகக் கொடுக்கவில்லை. அது இறந்தவர்களின் கிளை. ஓர் உறுப்பினர் காலமானால் 'ஒமேகா கிளையில் சேர்ந்துவிட்டார்' என்றுதான் சொல்வார்கள். ஏழு பேரில் கடைசியாக இருந்தவர் டாக்டர் காலிஸ். அவர் 1974-ல் அங்கே போய்ச் சேர்ந்தார்.